அடம்பிடிக்கும் திருகாணி

ஒரு கருவி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி மூலையில் போடுகிறோம். அதைத் திறந்து பார்த்தால், பழுது பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு கம்பி விட்டிருக்கும், ஒரு சுருள்வில் இடம் மாறியிருக்கும், தூசி அடைத்திருக்கும். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த வேலையைத் தொடங்கவே விடாமல் வாசலில் ஒரு காவலன் நிற்பான். அவன் எடை ஒரு கிராம்கூட இராது. அவன்தான் திருகாணி.

ஒன்பது திருகாணிகள் சாதுவாகக் கழன்று வந்துவிடும். பத்தாவது மட்டும் அசையாது. திருப்புளியை வைத்துத் திருகினால் ‘கரக்’ என்று வழுக்கும். கோபம் வரும். இன்னும் பலமாகத் திருகுவோம். இன்னொரு ‘கரக்’. தலையில் கூட்டல் குறி போல இருந்த குழி மழுங்கி, வட்டக் குழியாகிவிடும். பிறகு எந்தத் திருப்புளியும் அதில் பிடிக்காது. கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இப்படி ஆகாமல் தடுப்பது எப்படி? ஆகிவிட்டால் மீள்வது எப்படி? பள்ளியில் நீங்கள் படித்த சாய்தளமும் உராய்வும் நினைவில் இருந்தால் போதும். வாருங்கள், பார்ப்போம்.

எழுதும் பொறிகள் இரண்டு

நாம் கழற்றப்போகும் கருவி கணினியின் விசைப்பலகை. இங்கே ஒரு சொற்குழப்பம் வரக்கூடும். பலகையில் உள்ள பொத்தானுக்கும் விசை என்று பெயர். கை கொடுக்கும் தள்ளலுக்கும் விசை என்று பெயர். ஆகவே இக்கட்டுரையில் பலகையில் இருப்பதைப் பொத்தான் என்றே சொல்வோம்.

விசைப்பலகைகளில் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று ஒரு வகை உண்டு. அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனி சுவிட்சும் சுருள்வில்லும் இருக்கும். ஒரு பொத்தான் வேலை செய்யாவிட்டால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றலாம். திறந்து பழுது பார்க்க ஏற்ற கருவி அது. ஆனால் திறப்பதற்கு, பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள குட்டித் திருகாணிகள் பலவற்றைக் கழற்ற வேண்டும்.

இதன் பாட்டனார் தட்டச்சுப்பொறி. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு அது அந்நியமான பொருளன்று. பள்ளிப் படிப்பை முடித்ததும் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வை எழுதுவது தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக உள்ள வழக்கம். இந்தியாவிலேயே செய்த தட்டச்சுப்பொறியைக் கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்தது. 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. புதிய பொறி வராதபோது, பழைய பொறி ஒன்றிலிருந்து கழற்றிய பாகம்தான் மற்றொன்றுக்கு உதிரிப்பாகம். அங்கே ஒரு திருகாணி கழல மறுத்தால் இரண்டு பொறிகள் வீணாகும்.

தட்டச்சுப்பொறியின் திருகாணித் தலையில் ஒற்றைக் கோடாக வெட்டு இருக்கும். விசைப்பலகையின் திருகாணியில் கூட்டல் குறி இருக்கும். தலைதான் வேறு, இரண்டும் அடம்பிடிப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

சுருட்டி வைத்த சாய்தளம்

ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டுங்கள். அதை ஒரு பென்சில் மீது சுற்றுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறதல்லவா? அதுதான் திருகாணியின் புரி. பட்டறைகளில் இதை மரை என்பார்கள். திருகாணி என்பது ஒரு தண்டின் மேல் சுருட்டி வைத்த சாய்தளம்.

பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு முன்னேறும் தொலைவுதான் புரியிடைத் தூரம். 2 மில்லிமீட்டர் திருகாணிக்கு இது வழக்கமாக 0.4 மில்லிமீட்டர். உங்கள் திருப்புளியின் கைப்பிடி 3 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் உங்கள் விரல் ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் நகர்கிறது, திருகாணி 0.4 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. 94-ஐ 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள். உராய்வே இல்லாவிட்டால் உங்கள் விசை 235 மடங்காகப் பெருகும்!

ஆனால் உராய்வு இருக்கிறது. இருப்பதும் நல்லதே. இந்தத் திருகாணியின் சாய்தளம் சுமார் 4 பாகைதான் சாய்ந்திருக்கிறது. எஃகின் மேல் வைத்த எஃகு வழுக்கிச் செல்லப் பொதுவாக 8 பாகையாவது சாய்வு வேண்டும். அதனால்தான் இறுக்கிய திருகாணி தானாகக் கழல்வதில்லை. பொறியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. இறுக்குவதற்கு நாம் கொடுக்கும் திருப்புத்திறனில் 100-க்கு 50 பங்கு திருகாணித் தலையின் அடியில் உராய்வாகப் போகிறது. 40 பங்கு மரையில் போகிறது. மீதி 10 பங்குதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது.

இரண்டு பிடிப்புகள்

கழற்றும்போது நடப்பது ஒரு கயிறிழுப்புப் போட்டி. ஒரு பக்கம், மரையிலும் தலையின் அடியிலும் உள்ள பிடிப்பு. இதை உள்பிடிப்பு என்போம். மறு பக்கம், திருப்புளியின் முனைக்கும் தலையிலுள்ள குழிக்கும் இடையே உள்ள பிடிப்பு. இதை மேல்பிடிப்பு என்போம். மேல்பிடிப்பு வலுவாக இருந்தால் திருகாணி திரும்பும். உள்பிடிப்பு வலுவாக இருந்தால் திருப்புளி வழுக்கும்.

கை விசையைக் கூட்டுவதால் இந்தப் போட்டியின் முடிவு மாறுவதில்லை. தோற்கப்போகும் பக்கம் சீக்கிரம் தோற்கும், அவ்வளவுதான். முடிவை மாற்ற இரண்டே வழிகள் உண்டு. மேல்பிடிப்பைக் கூட்ட வேண்டும், அல்லது உள்பிடிப்பைக் குறைக்க வேண்டும். மெக்கானிக்குகள் கையாளும் உபாயங்கள் எல்லாம் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு வழுக்கலும் குழியின் சுவரிலிருந்து கொஞ்சம் உலோகத்தைச் சீவி எடுத்துவிடுகிறது. ஆகவே முதல் ‘கரக்’ கேட்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். அப்போது உங்களுக்குப் பல வழிகள் திறந்திருக்கும். பத்தாவது ‘கரக்’குக்குப் பிறகு ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

கூட்டல் குறியின் குணம்

நம் கடைகளில் ‘ஸ்டார் ஸ்குரூ’ என்று கேட்டு வாங்கும் திருகாணிக்கு பிலிப்ஸ் திருகாணி என்று பெயர். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் வடிவத்தை வாங்கி மேம்படுத்தி, 1936-இல் காப்புரிமை பெற்றார். கார்த் தொழிற்சாலைகள் இதை விரும்பி ஏற்றன. ஒற்றைக் கோட்டு வெட்டில் திருப்புளி பக்கவாட்டில் நழுவிவிடும். கூட்டல் குறிக் குழியிலோ முனை தானாகவே நடுவில் போய் அமரும். வேகமாகத் திருகும் இயந்திரங்களுக்கு இது மிகவும் ஏற்றது.

ஆனால் இந்தக் குழியின் சுவர்கள் செங்குத்தானவை அல்ல; சரிவானவை. திருகும் விசை அதிகமாகும்போது, சரிவில் ஏறுவது போலத் திருப்புளி மேலே தள்ளப்படும். நீங்கள் கேட்கும் ‘கரக்’ ஓசை இதுதான். நடுவில் எளிதாக அமரச்செய்யும் அதே சரிவுதான் வெளியேயும் தள்ளிவிடுகிறது! ஆகவே திருகும் விசையோடு கீழ்நோக்கி அழுத்தும் விசையும் வேண்டும். திருகாணி இறுகியிருந்தால், திருகுவதைவிட அழுத்துவதற்கே அதிகப் பங்கு கொடுங்கள்.

தொடங்குமுன்

கணினியிலிருந்து விசைப்பலகையைப் பிரித்துவிடுங்கள். மேசையில் துணியை விரித்து, அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். திருகாணிகள் ரப்பர்க் கால்களின் அடியிலும், ஒட்டுத்தாளின் அடியிலும், சில சமயம் பொத்தான்களின் அடியிலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றாமல் மூடியை நெம்பினால் பிளாஸ்டிக் உடையும்.

எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான திருகாணிகள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் சைக்கிளின் இடது பெடல் வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். நம் விசைப்பலகையில் அந்தச் சிக்கல் இல்லை.

மேல்பிடிப்பைக் கூட்டும் வழிகள்

முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள். குண்டூசி நுனியால் தூசியையும் பிசினையும் கிளறி எடுங்கள். குழியில் அழுக்கு இருந்தால் முனை ஆழமாக இறங்காது.

அடுத்து, சரியான அளவுத் திருப்புளியைத் தேர்ந்தெடுங்கள். பிலிப்ஸ் திருப்புளிகள் 00, 0, 1, 2 என்ற எண்களில் கிடைக்கின்றன. 2 மில்லிமீட்டர் திருகாணிக்கு வழக்கமாக 0 எண். இரண்டரை, 3 மில்லிமீட்டர் திருகாணிகளுக்கு 1 எண். முனையைக் குழியில் வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அது உரிய அளவு அல்ல. ஒற்றைக் கோட்டுத் தலைக்கும் இதே விதிதான்: திருப்புளியின் முனை வெட்டின் முழு நீளத்தையும் அகலத்தையும் நிரப்ப வேண்டும்.

திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தி, மெதுவாகத் திருகுங்கள். சட்டென்று வெட்டித் திருகக் கூடாது.

குழி கொஞ்சம் மழுங்கியிருந்தால் ஒரு ரப்பர் துண்டு உதவும். சைக்கிள் கடையில் வீசியெறியும் பழைய டியூபிலிருந்து மெல்லிய துண்டு ஒன்றை நறுக்கிக் குழியின் மேல் வைத்து, அதன் மேல் திருப்புளியை அழுத்துங்கள். ரப்பர் நசுங்கிப் பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும், உராய்வு கூடும். மிகச் சிறிய குழிக்கு டியூப் தடிமனாக இருக்கும். அப்போது அகலமான ரப்பர் பேண்டு ஒன்று போதும். கூட்டல் குறியின் மூலைகள் தேய்ந்திருந்தாலும், ஒரு சிறிய தட்டைத் திருப்புளி மூலைக்கு மூலை இறுகப் பொருந்தினால் திருகாணி அசையக்கூடும்.

உள்பிடிப்பைக் குறைக்கும் வழிகள்

உள்பிடிப்பு ஏன் இவ்வளவு கூடுகிறது? பொதுவாக மூன்று காரணங்கள்: அளவுக்கு மீறி இறுக்கியது, துரு, பசை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. கருங்கல்லில் வெட்டிய எழுத்துக்குத் துரு இல்லை. எழுத்தடிக்கும் பொறியின் எஃகுத் திருகாணிக்கோ ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமே போதும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? அது ஆப்புப் போல இறுகிவிடுகிறது.

இதற்கு முதல் மருந்து தட்டுவது. தட்டச்சுப்பொறி போன்ற கனமான இரும்புக் கருவியில், திருப்புளியைத் தலையில் நிறுத்தி, அதன் பின்புறத்தில் சிறு சுத்தியால் லேசாக இரண்டு மூன்று முறை தட்டலாம். நொறுங்கும் தன்மையுள்ள துரு விரிசல் விடும். விசைப்பலகையில் சுத்தி வேண்டாம்; உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டை பாழாகும்.

இரண்டாவது உபாயம் வேடிக்கையானது. கழற்ற வேண்டிய திருகாணியை முதலில் மிக லேசாக இறுக்கிப் பாருங்கள்! எந்தத் திசையில் நகர்ந்தாலும் துருவின் கட்டு உடையும். மயிரிழை அசைந்தால் போதும், பிறகு கழற்றலாம்.

மூன்றாவது எண்ணெய். மண்ணெண்ணெய் போன்ற நீர்த்த எண்ணெய், விளக்குத் திரியில் ஏறுவது போலவே நுண்புழைக் கவர்ச்சியால் மரைகளின் இடுக்கில் ஊறிச் செல்லும். ஒரு துளி விட்டு, சில மணி நேரம் காத்திருங்கள். தேங்காய் எண்ணெய் உதவாது. அது நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகும். எண்ணெய் உள்பிடிப்பைக் குறைக்கும், சரி. குழியில் தங்கினால் மேல்பிடிப்பையும் குறைத்துவிடும்! ஆகவே திருகுமுன் குழியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். விசைப்பலகையில் எண்ணெய் விடவே வேண்டாம். சுவிட்சுகளில் வழியும், சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும்.

நான்காவது சூடு. அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே சில திருகாணிகளின் மரையில் பசை தடவியிருப்பார்கள். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகாணி இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடைகிறது. இரண்டும் 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், 2 மில்லிமீட்டர் துளை திருகாணியைவிட 0.002 மில்லிமீட்டர் அதிகமாக விரியும். உங்கள் தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் அது. ஆயினும் இறுகிப்போன மரைக்கு அதுவே பெரிய விடுதலை. பிளாஸ்டிக்கில் நேராகப் பதித்த திருகாணிக்குச் சூடு காட்டாதீர்கள், பிளாஸ்டிக் உருகும். எண்ணெய் விட்ட இடத்தில் சூடு வைக்கவே கூடாது, தீப்பற்றும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

தலை முழுதும் மழுங்கிவிட்டால்

அப்போதும் வழியிருக்கிறது. தலை சற்றே துருத்திக்கொண்டிருந்தால் கட்டிங் பிளேயரால் ஓரத்தை இறுகப் பிடித்துத் திருகலாம். இங்கே நெம்புகோல் விதி துணைக்கு வருகிறது. தலையின் ஓரம் மையத்திலிருந்து குழியைவிடத் தள்ளியிருப்பதால், அதே விசைக்கு அதிகத் திருப்புத்திறன் கிடைக்கும்.

பிளேயருக்கு இடமில்லையா? ஹாக்ஸா பிளேடாலோ மெல்லிய அரத்தாலோ தலையின் குறுக்கே ஒரு கோடு அறுத்துவிடுங்கள். கூட்டல் குறித் திருகாணி, தட்டச்சுப்பொறித் திருகாணியைப் போல ஒற்றைக் கோட்டுத் திருகாணியாக மாறிவிடும்! தட்டைத் திருப்புளி அதில் நன்றாகப் பிடிக்கும். அறுப்பதற்கு முன் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டி மூடுங்கள். சிந்தும் இரும்புத்தூளைக் காந்தத்தால் ஒற்றியெடுங்கள். ஒரு துகள் மின்சுற்றில் விழுந்தாலும் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, நல்ல பலகையும் கெடும்.

கடைசி வழி, துளைக்கருவியால் தலையை மட்டும் குடைந்து எடுத்துவிடுவது. தலை போனதும் உள்பிடிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். தலையடி உராய்வுக்கு 50 பங்கு என்று முன்பு பார்த்தோம் அல்லவா? மூடியைத் தூக்கிவிட்டு, மிஞ்சிய தண்டைப் பிளேயரால் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும். கண்ணாடி அணிந்த மெக்கானிக் ஒருவரிடம் இந்த வேலையை விட்டுவிட்டு, நீங்கள் அருகில் நின்று பாருங்கள்.

மீண்டும் பூட்டும்போது

மழுங்கிய திருகாணியைத் திரும்பப் போடாதீர்கள். அதே அளவில் புதிது வாங்குங்கள். நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்றே நீளமானது மின்சுற்று அட்டையைக் குத்திவிடக்கூடும்.

பிளாஸ்டிக் துளையில் திருகாணியை வைத்ததும் முதலில் இடஞ்சுழியாக, கழற்றுவது போலத் திருகுங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று மெல்ல இறங்கும். பழைய மரையின் தொடக்கம் அதுதான். அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருகினால், பழைய பாதையிலேயே செல்லும். பிளாஸ்டிக்கை மறுபடி வெட்டாது.

எவ்வளவு இறுக்குவது? நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இத்தகைய ஆலைகளில், குறித்த திருப்புத்திறனை எட்டியதும் தானாகவே நின்றுவிடும் மின் திருப்புளிகளைப் பயன்படுத்துவார்கள். உங்கள் கைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே குட்டித் திருகாணியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்து இறுக்குங்கள். முழுக் கைக்கும் வேலை கொடுக்காதீர்கள். இன்று நீங்கள் மிகையாக இறுக்கும் திருகாணிதான் நாளை இன்னொருவரிடம் அடம்பிடிக்கும்.

நண்பர்களே, நல்ல கருவியில் கை வைப்பதற்கு முன் பயிற்சி வேண்டும். வேலை செய்யாத பழைய விசைப்பலகை ஒன்றை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவிகளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தொடவே வேண்டாம். ஒரு தாளில் விசைப்பலகையின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவையுங்கள். அடம்பிடிப்பது ஏதேனும் இருந்தால், அது துருவா, பசையா, மிகை இறுக்கமா என்று முதலில் கண்டுபிடியுங்கள். நோய் தெரிந்தால் மருந்து தெரியும். உள்ளே இருக்கும் சுவிட்சையும் சுருள்வில்லையும் பார்க்கும்போது, அதுவரை மூடிய பெட்டியாக இருந்த கருவி உங்களுக்கு அறிமுகமான கருவியாகிவிடும்.